மிஷின் போகவில்லை ஐயா, பிட்தான் மழுங்கியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் ஒரு சின்ன பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு கட்டிங் மிஷின், காலால் மிதிக்கிற டிரில் மிஷின் ஒன்று, பசைச் சட்டி, நான், என் மச்சான், அவ்வளவுதான். உங்கள் பத்திரிகையில் சாலை, குடிநீர், மின்வெட்டு என்று பெரிய விஷயங்களுக்கு நடுவில் தாள் கட்டில் ஓட்டை போடுகிற டிரில் மிஷினின் பிட் என்கிற ஒரு விரல் நீளத் துண்டு இரும்பைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்கலாம். ஆனால் இந்தத் துண்டு இரும்பால் எத்தனை அலுவலகங்களில் நல்ல மிஷின்கள் மூலையில் கிடக்கின்றன, எத்தனை கோப்புகள் ஓட்டை கிழிந்து கட்டை விட்டு நழுவுகின்றன என்று இருபத்தேழு வருடமாகப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து போன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அவர்கள் எனக்கு வேலை கொடுக்கிறவர்கள். "அண்ணே, டிரில் மிஷின் போயிடுச்சு, கண்டம் பண்ணப் போறோம், நீங்க ஒரு தடவை வந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னா எழுதி வச்சிடலாம்" என்றார் ரெக்கார்டு கிளார்க் தம்பி. கண்டம் என்றால் இனி உதவாது என்று எழுதிக் கழித்துக்கட்டுவது. வாங்கி மூன்று வருடம்கூட முழுசாக ஆகாத மிஷின். சரி என்று போனேன். பதிவறைக் கதவைத் திறந்ததுமே வாடை வந்துவிட்டது, கார்த்திகை அன்று அகல் திரி தீய்ந்தால் ஒரு வாடை வருமே, அதே மாதிரி. மிஷினைப் பார்ப்பதற்கு முன்னாடியே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஒரு கட்டு பழைய தாளை வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். தம்பி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். மிஷின் அழுதது. பாதி வரை இறங்கியது, அப்புறம் நின்றது, மேலே தூக்கினால் முழுக் கட்டும் பிட்டோடு சேர்ந்து எழுந்து வருகிறது. ஓட்டையைச் சுற்றி அப்பளம் மாதிரி உப்பல், ஓரத்தில் பழுப்பு வளையம், கட்டின் அடியில் கடைசி இருபது தாளில் ஓட்டையே விழவில்லை, வெறும் வட்டத் தழும்பு மட்டும். மோட்டார் வலு இழந்துவிட்டது என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மோட்டார் பாவம், மாடு மாதிரி இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கச் சொல்லிவிட்டு (இதை யாரும் மறக்க வேண்டாம்), பிட் ஆறட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து கழற்றினேன். வாயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தம்பியிடம் காட்டினேன். விளிம்பைச் சுற்றி வெள்ளிக் கம்பி ஒட்டியது மாதிரி ஒரு கோடு மின்னியது. "பளபளன்னு இருக்கே அண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்றார். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கூரான விளிம்புக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப இடமே கிடையாது, அது கண்ணுக்குத் தெரியாது. மின்னுகிறது என்றால் அங்கே கூர் போய்த் தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். சட்டைப் பையில் வைத்திருந்த என் பிட்டை மாட்டினேன், அளவு ஒன்றுதான். அதே கட்டு, அதே மிஷின். தம்பி பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் அமுக்கப் போனார், ஒரு கை போதும் என்றேன். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. சூப்பிரண்டு மேடம் எழுந்து வந்து ஓட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான் மேடம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான், இங்கே ஆடத் தெரியாதது பிட், பழி மிஷினுக்கு.

இந்த பிட் மரத்தில் ஓட்டை போடுகிற, முறுக்கு மாதிரி சுற்றிய பிட் இல்லை. இது உள்ளே வெறுமையான குழாய். வாயோரம் மட்டும் கத்தி. சுழன்றுகொண்டே இறங்கும்போது தாளை வட்ட வட்டமாக வெட்டி, அந்த வட்டங்களைத் தன் வயிற்றுக்குள் வாங்கி, மேலே தள்ளி வெளியேற்றும். அடியில் வெட்டுகிற ஒவ்வொரு வட்டமும் மேலே இருப்பதை ஒரு தாள் கனம் மேலே தள்ளுகிறது, அதனால்தான் குழாய் வாயருகே ஒடுங்கியும் உள்ளே போகப் போக அகலமாகவும் கடைந்திருப்பார்கள், சிக்காமல் போகட்டும் என்று. வாய் கூராக இருக்கிற வரை இந்த வேலை தன்பாட்டுக்கு நடக்கும். மழுங்கினால் வெட்டுவதற்குப் பதில் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே அடைக்கும், அடைத்தால் இன்னும் சூடு. அங்கிருந்து புகை வருவதற்கு அதிக நேரம் ஆகாது.

நான் தொழில் படித்தது சிவகாசியில், ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் அப்புறம் டைரி, காலண்டர், நோட்டு என்று மார்கழி வரை மூச்சு விட நேரம் இருக்காது. அங்கே டிரில் போட்ட பெரியவர் ஒருவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், பிட்டைப் பார்க்கவே மாட்டார். மிஷினுக்கு அடியில் விழுகிற பொட்டைத்தான் பார்ப்பார். பொட்டு என்றால் அந்த வட்டத் துண்டுகள், நெற்றிப் பொட்டு அளவில் இருப்பதால் அந்தப் பெயர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதுவார். உதிரி உதிரியாகப் பறந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சாக்பீஸ் துண்டு மாதிரி நாலைந்து கட்டையாகச் சேர்ந்து கிடந்தால், கையால் உதிர்த்துப் பார்ப்பார், உதிர்ந்தால் "இன்னும் பத்து கட்டு ஓட்டு" என்பார். உதிராமல் ஓரம் பழுப்பேறிக் கெட்டியாக இருந்தால், அப்போதே கழற்று. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை கிடையாது. கருவி வேண்டாம், கண்ணாடி வேண்டாம், குப்பைப் பெட்டியைக் கொட்டும்போது ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும். ஆனால் அலுவலகங்களில் குப்பை கொட்டுகிறவர் வேறு, டிரில் போடுகிறவர் வேறு, அதனால் அந்தச் சேதி உரியவருக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

அடுத்தது காது. கூரான பிட் தாளில் இறங்கும்போது சர்ரென்று ஒரே சீரான சத்தம், கிட்டத்தட்ட தேங்காய் துருவுகிற சத்தம். மழுங்க மழுங்கச் சத்தம் மேலே ஏறி, கீச்சென்று, கடைசியில் நாராசமாக இருக்கும். நாராசம் என்று எழுதும்போதுதான் தோன்றுகிறது, ஓலைச்சுவடியில் துளை போட்டு ஏடு கலையாமல் இருக்கச் செருகிவைக்கிற கம்பிக்கும் நாராசம் என்றுதான் பெயர். ஒரு துளையில் கயிறு, இன்னொரு துளையில் நாராசம். ஆக, ஓட்டை போட்டுக் கட்டி வைக்கிற வேலை நமக்கு நேற்று வந்ததில்லை. வெள்ளைக்காரர் பக்கம் ஜெர்மனிக்காரர் ஃபிரீட்ரிக் சோனெக்கன் காகிதத் துளைப்பானுக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். அதற்கு எவ்வளவோ முன்னாடியே நம் ஆட்கள் ஏட்டில் துளை போட்டிருக்கிறார்கள், ஓரம் கிழியாமல். இன்று ஜெராக்ஸ் தாளில் போடுகிற ஓட்டை கிழிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது கை. நேற்று ஒரு கையால் இறங்கியது இன்று இரண்டு கை கேட்கிறது என்றால் உங்கள் உடம்பில் கோளாறு இல்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பிட் ஒரே நாளில் மழுங்குவதில்லை, தினம் ஒரு மயிரிழை மழுங்குகிறது, கையும் தினம் ஒரு மயிரிழை கூடுதலாக அமுக்கப் பழகிக்கொள்கிறது. தினமும் அதே ஆள் போட்டால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் எங்கள் கடையில் வாரத்துக்கு ஒரு நாள் மச்சான் போடுகிற கட்டை நான் வாங்கிப் போடுவேன். "என்ன மாப்ள, இவ்வளவு முரண்டு பிடிக்குது" என்று கேட்டால், "அப்படியா, எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். அம்மி கொத்த வேண்டிய நேரம் வீட்டில் தினம் அரைக்கிறவர்களுக்குத் தெரியாது, விருந்துக்கு வந்த அத்தைக்குத்தான் தெரியும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாள் கணக்கு வைத்தால் தப்பு, தாள் கணக்கு வைக்க வேண்டும். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். ஒரு ரீம், அதாவது 500 தாள், 5 சென்டிமீட்டர். இரண்டு ஓட்டை போட்டால் பிட் 10 சென்டிமீட்டர் காகிதத்தைக் குடைந்திருக்கிறது. மார்ச் மாதத்தில் என் கடையில் நாளைக்கு 20 ரீம் போகும், அப்படியென்றால் தினம் 2 மீட்டர், 26 நாள் வேலை செய்தால் 52 மீட்டர். மதுரைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் கிட்டத்தட்ட அதுதான். காகிதத்தால் ஒரு தெற்குக் கோபுரம் கட்டி, அதை உச்சியிலிருந்து அடி வரை ஒரு விரல் நீள இரும்பால் குடைவதாக நினைத்துப் பாருங்கள். அந்தக் கோபுரம் முடிவதற்குள் நான் பத்துப் பன்னிரண்டு தடவை சாணை பிடித்திருப்பேன், சாதாரண ஜெராக்ஸ் தாளுக்கு 40 ரீமுக்கு ஒரு தடவை என்பது என் கணக்கு. உங்கள் மிஷினுக்கும் உங்கள் தாளுக்கும் கணக்கு மாறும், ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் நாளைக்கு வெறும் 2 ரீம்தான் என்று வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 250 வேலை நாள், மூன்று வருடத்தில் 1,500 ரீம், 150 மீட்டர். மூன்று கோபுரம், ஒரு தடவைகூடச் சாணை காட்டாமல்.

காகிதம்தானே, மெத்தென்று இருக்கிறதே, அது எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். காகிதத்தில் நார் மட்டும் இல்லை ஐயா. மரக்கூழோ, கரூர் காகிதபுரத்தில் செய்வது போலக் கரும்புச் சக்கையோ, எதில் செய்தாலும் எழுதுகிற, அச்சடிக்கிற தாளில் வெண்மைக்கும் வழவழப்புக்கும் சுண்ணாம்பு வகைத் தூளும் களிமண் தூளும் கலப்பார்கள். ஆர்ட் பேப்பர் என்றால் மேல்பூச்சே அதுதான். அதனால் கல்யாணப் பத்திரிகை, ஆண்டறிக்கை, வழவழ பிரசுரம் எல்லாம் பிட்டுக்கு எமன், சாதாரணத் தாளில் ஒரு வாரம் வருகிற கூர் அதில் ஒரு நாளில் போய்விடும். ஆர்ட் பேப்பர் வந்தால் கட்டின் கனத்தைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள். பிளாஸ்டிக் அட்டை, லேமினேஷன் செய்த தாள் இவற்றைக் கட்டுக்கு நடுவில் வைத்துப் போடவே போடாதீர்கள், உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

மெழுகு ஒரு நல்ல துணை. ஓடாத பிட்டின் வெளிப்பக்கம் மெழுகுவர்த்தித் துண்டை லேசாகத் தேய்த்துவிட்டுப் போட்டால் சூடு குறையும், சத்தமும் அடங்கும். எண்ணெய் மட்டும் வேண்டாம். ஓர் அலுவலகத்தில் யாரோ புத்திசாலி தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார், ஒரு வருடக் கோப்பு முழுக்க ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் எண்ணெய் வட்டம், வடை சுற்றிக் கொடுத்த தாள் மாதிரி. கரப்பான் பூச்சிக்கு விருந்து.

இதையெல்லாம் விடப் பெரிய எதிரி ஸ்டேப்ளர் பின். ஒரு பின் போதும். அலுவலகக் கட்டுகளில் பின்னை எடுக்காமலேயே வைத்துப் போட்டுவிடுவார்கள், "ஒண்ணு ரெண்டுதானே அண்ணே". கழற்றிய பிட்டின் வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து ஒரு சுற்று உருட்டிப் பாருங்கள். கூர் இருக்கிற இடம் நகத்தைக் கவ்வும், மழுங்கிய இடம் வழுக்கும், பின் பட்ட இடம் வந்ததும் தடக்கென்று ஒரு தட்டு தட்டும். அந்தப் பல் விழுந்த இடம் ஒவ்வொரு தாளையும் வெட்டாமல் கிழித்துக்கொண்டே இறங்கும், ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் பிசிறாக இருந்தால் காரணம் அதுதான். அந்த அலுவலகத்து பிட்டில் மூன்று பல் போயிருந்தது. மேடத்தின் நகத்தில் வைத்துக் காட்டலாமா என்று நினைத்தேன், மருதாணி போட்டிருந்தார்கள், விட்டுவிட்டேன்.

தாளுக்குக் கீழே வைக்கிற கட்டையையும் யாரும் பார்ப்பதில்லை. பிட் கடைசித் தாளை வெட்டிவிட்டுக் கட்டையை மெல்ல முத்தமிட்டு நிற்க வேண்டும், ஒரு மெல்லிய வளையம் விழுந்தால் சரி. கடைசித் தாள் வெட்டுப்படவில்லை என்று ஆழத் திருகை இறக்கி இறக்கி வைக்கிறார்கள், பிட் ஒவ்வொரு தடவையும் கட்டையில் அரை சென்டிமீட்டர் இறங்குகிறது. அப்படியானால் தாளை வெட்டுகிற நேரத்தைவிடக் கட்டையை வெட்டுகிற நேரம்தான் பிட்டைத் தின்கிறது. அதுவும் ஒரே இடத்தில் குழி விழுந்துபோன கட்டை என்றால் கடைசித் தாள்கள் அந்தக் குழிக்குள் மடங்கி இறங்குமே தவிர வெட்டுப்படாது. உடனே ஆழத்தை இன்னும் இறக்குவார்கள். கட்டையை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வையுங்கள், புதுக் கட்டை இல்லையென்றால் அடியில் ஒரு மில் போர்டு அட்டை போடுங்கள். நான் போன அலுவலகத்தில் கட்டையில் விழுந்திருந்த குழியில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் படுக்க வைக்கலாம்.

சாணை பிடித்தால் போதுமா, புதிது மாற்ற வேண்டுமா? கூர் மட்டும் போயிருந்தால் சாணை போதும். குழாயின் வாய்க்குள் போய்ச் சுற்றுகிற கூம்பு மாதிரியான சின்னக் கருவி இருக்கிறது, கையால் நாலு சுற்று, அதிகம் அமுக்காமல். அப்புறம் வெளிப்பக்கத்தில் எழும்பியிருக்கிற பிசிறை எண்ணெய்க் கல்லில் லேசாக வழித்து எடுக்க வேண்டும், இதை மறந்துவிட்டு "சாணை பிடிச்சும் வெட்டலை" என்று சொல்கிறவர்கள் நிறைய. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், அவர் கத்தரிக்கோலுக்கு ராஜா, இதை வெளியே பிடித்து அளவையே மாற்றிவிடுவார். இரண்டு, மூன்று பிட் ஒன்றாக இறங்குகிற மிஷினாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே சாணை பிடிக்க வேண்டும், ஒன்று குட்டையாகிவிட்டால் அது மட்டும் கடைசித் தாளை எட்டாது.

சாணைக்கு மசியாதவையும் உண்டு. பிட் நீலம் பூத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். சாதாரணக் கருவி எஃகு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடானால்தான் அந்த மயில்கழுத்து நிறம் வரும், காகிதம் அதற்கு முன்பே கருக ஆரம்பித்துவிடும், ஆக அந்த நிறத்தைப் பார்த்தால் எவ்வளவு தூரம் விட்டுவிட்டோம் என்று தெரியும். நிறம் போகத் தேய்த்தாலும் போன கடினம் திரும்பாது, சாணை பிடித்த மறுநாளே மழுங்கும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அப்படித்தான், சுழலும்போது உடைந்து தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் என்னாவது. அப்புறம், சாணை பிடித்துப் பிடித்துக் குட்டையாகித் தாள் கட்டின் அடி வரை எட்டாமல் போனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே அடைத்துக்கொண்ட பிட்டை ஆணி, குண்டூசி கொண்டு குத்தி எடுக்கிறார்கள், வாய் போய்விடும். அதற்கென்று அளவான கம்பி வரும், வாய்ப்பக்கமிருந்து மேல்நோக்கித் தள்ளி எடுங்கள், தினம் வேலை முடிந்ததும் எடுங்கள், சூட்டோடு விட்டால் இரவில் இறுகிவிடும்.

ஸ்பைரல் பைண்டிங் மிஷின் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே அதில் பார்க்க வேண்டாம். அதில் பிட் கிடையாது, டை என்கிற துளைத் தகட்டில் இறங்குகிற குத்துப் பல்தான். பொட்டு முழுசாக விழாமல் ஓர் ஓரத்தில் ஒட்டித் தொங்கினால் பல் தேய்ந்திருக்கிறது. அலுமினியத் தாளை வைத்துக் குத்தினால் கூர் வந்துவிடும் என்பார்கள், ஒட்டியிருக்கிற பிசிறு கொஞ்சம் போகும், கூர் வராது.

இவ்வளவு எதற்கு, ஒரு ஓட்டை முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பழைய கோப்புகளை ஸ்கேன் எடுக்க என்னிடம் பிரித்துத் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். கட்டை அவிழ்த்தால் தாள்கள் பிரிய வேண்டும் இல்லையா? பிரியாது. ஓட்டையைச் சுற்றிய ஓரத்தில் பத்துத் தாள், இருபது தாள் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும், மழுங்கின பிட் சூட்டோடு நசுக்கி ஒட்டிவைத்த வேலை அது. அப்படியே ஸ்கேனரில் போட்டால் இரண்டு தாள் ஒன்றாக உள்ளே போகும், நடுவில் மாட்டிய பக்கங்கள் படமே ஆகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. நாளைக்கு யாரோ ஒருவர் தன் நிலத்துக் காகிதத்தைத் தேடி வரும்போது கம்ப்யூட்டரில் 46க்கு அடுத்து 49 இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டையும் ஓட்டைப் பக்கம் விசிறி மாதிரி வளைத்து, நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒரு கட்டுக்குக் கால் மணி நேரம். அந்தக் கூலிக்கு எத்தனை பிட் வாங்கியிருக்கலாம், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்.

ஓட்டை இருக்க வேண்டிய இடத்துக்கே ஓர் உலகத் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 838 என்று. இரண்டு ஓட்டைக்கு நடுவில் 80 மில்லிமீட்டர், ஓட்டை அகலம் 6, தாள் ஓரத்திலிருந்து ஓட்டையின் மையத்துக்கு 12. கடையில் வாங்குகிற ஃபைல் கிளிப் எல்லாம் இந்த அளவுக்குத்தான் வரும். மழுங்கிய பிட்டை அமுக்கினால் அது நேரே இறங்காமல் பக்கவாட்டில் நழுவும், மேல் தாளில் 12 இருந்தது அடித்தாளில் 10 ஆகிவிடும், அப்புறம் கிளிப்பில் கோக்க முடியவில்லை என்று குத்தூசியை எடுத்து இன்னொரு ஓட்டை. ஒரே தாளில் ஐந்து ஓட்டை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று கையெழுத்தின் மேலேயே.

யாரைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை. அலுவலகங்களில் மிஷினுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, வாங்கிய தேதி, விலை, கொட்டேஷன் எல்லாம் இருக்கிறது. பிட்டுக்கு எதுவும் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கேட்டால் "பிட் ஏஎம்சியில வராது சார்" என்கிறார், மோட்டார் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறார். ஸ்டோரில் கேட்டால் அப்படி ஒரு பொருளே பட்டியலில் இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருள் வாங்க வழி இல்லாமல் பல ஆயிரம் ரூபாய் மிஷினைக் கண்டம் செய்வது மட்டும் சுலபமாக நடக்கிறது, அதற்கு படிவம் இருக்கிறது.

மாமா இதற்கு வைத்திருந்த படிவம் சுவர்தான். ஒவ்வொரு ரீமுக்கும் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. கோடு அவர் கணக்குக்கு வந்ததும், பிட் எவ்வளவு அழகாக வெட்டிக்கொண்டிருந்தாலும் கழற்றிவிடுவார். "அது அழுவுற வரைக்கும் விடக் கூடாதுடா, சிரிக்கும்போதே கழட்டு" என்பார். அன்றைக்கு எங்களுக்கு எரிச்சலாக இருக்கும், நன்றாக ஓடுகிறதை நிறுத்துகிறாரே என்று. சிரிக்கும்போது கழற்றினால் நாலு சுற்றுச் சாணையில் முடியும், அழுத பிறகு கழற்றினால் இருபது சுற்றுக்கும் தீராது, பிட் பாதி குட்டையாகிவிடும்.

அந்த அலுவலகத்தில் சுவரில் கிறுக்க முடியாது என்பதால் மிஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை நூல் கட்டித் தொங்கவிட்டு வந்தேன். கட்டு போடுகிறவர் ஒரு கோடு, எத்தனை பேர் போட்டாலும் ஒரே நோட்டு. தம்பி ஒழுங்காகப் போடுகிறார், போன வாரம் போன் செய்து பொட்டு உதிரியாக இருக்கிறது என்றும் சொன்னார், கேட்கச் சந்தோஷமாக இருந்தது. என் பிட்டை இன்னும் திருப்பித் தரவில்லை. புது பிட் இரண்டு வேண்டும் என்று இன்டென்ட் போட்டார்களாம், அது எழுதுபொருள் தலைப்பில் வருமா, இயந்திர உதிரிபாகம் தலைப்பில் வருமா என்று தெளிவுபடுத்தக் கோரித் திரும்பி வந்திருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஒரு பைண்டர்,
மதுரை.